பிப்பெட்டைத் திருகுவதற்கு முன் அளந்து பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வகத்தில் பிப்பெட்டுகளை, அதாவது சிறிதளவு திரவத்தை அளந்து இழுத்து விடும் கைக்கருவிகளை, கவனித்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்ததிலிருந்து, வாரம் ஒருவராவது ஒரு பிப்பெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். "இது கம்மியா எடுக்குது, கொஞ்சம் திருகிக் கொடுங்க" என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்குப் பின் வரும் கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். இங்கே பேசுவது பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கும் சாதாரண மைக்ரோபிப்பெட்டைப் பற்றி.

காலிபரேஷன்னா பிப்பெட்டைத் திருகிச் சரிபண்றதுதானே?

இல்லை. காலிபரேஷன் என்பது அளப்பது மட்டும். பிப்பெட் 100 மைக்ரோலிட்டர் (ஒரு மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று காட்டும்போது உண்மையில் எவ்வளவு விடுகிறது என்று கண்டுபிடித்து, வித்தியாசத்தை எழுதிவைத்தால் காலிபரேஷன் முடிந்தது. பிப்பெட்டின் அளவை நகர்த்தும் ஸ்க்ரூவைத் திருகி அந்த வித்தியாசத்தைக் குறைப்பது வேறு வேலை, அதற்குப் பெயர் சரிசெய்தல். அளவியல்காரர்கள் இரண்டையும் எப்போதும் பிரித்தே பேசுவார்கள். ஆய்வகப் பேச்சில்தான் இரண்டும் ஒரே சொல்லுக்குள் போய்விட்டன. கீழே 'அளப்பது', 'திருகுவது' என்றே எழுதுகிறேன்.

எப்படியும் திருகத்தான் போறோம். அதுக்கு முன்னாடி எதுக்கு அளக்கணும்? ரெண்டு வேலை ஆகுதே?

திருகிவிட்டால் பழைய நிலை போய்விடும், திரும்பக் கிடைக்காது. நேற்று வரை அந்தப் பிப்பெட்டால் எடுத்த முடிவுகள் சரியா தவறா என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல இருக்கும் ஒரே ஆதாரம் 'வந்த நிலையில்', அதாவது எதையும் தொடும் முன், எடுத்த அளவுதான். அது பிழை வரம்புக்குள் இருந்தால் பழைய முடிவுகளைப் பற்றிய கவலை இல்லை. வெளியே இருந்தால் எவ்வளவு, எந்தப் பக்கம் என்றாவது தெரியும்.

இன்னொன்று, என் அனுபவத்தில் "கம்மியா எடுக்குது" என்று வரும் பிப்பெட்டுகளில் பலவற்றுக்குத் திருகலே தேவைப்பட்டதில்லை. டிப் (முனையில் மாட்டும், திரவம் ஏறும் பிளாஸ்டிக் குழாய்) சரியாக உட்காராது, பிஸ்டனைச் சுற்றிக் காற்றை அடைக்கும் சீல் தேய்ந்திருக்கும், இல்லாவிட்டால் கணக்கில் தவறு இருக்கும். ஆரம்பத்தில் நானும் ஒரு 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை அளக்காமலே திருகியிருக்கிறேன். இரண்டு நாள் கழித்துத்தான், அந்த மேசையில் வேறு வகை டிப் பெட்டி ஒன்று புதிதாக வந்திருந்தது தெரிந்தது. பழைய டிப்பை மாட்டிப் பார்த்தால் இப்போது அதிகமாக விட்டது. திருகும் முன் எவ்வளவு இருந்தது என்று யாரிடமும் குறிப்பு இல்லை. அன்றிலிருந்து ஸ்க்ரூ திறக்கும் சாவியை என் மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருக்கிறேன்.

சரியா இருக்கறதும் ஒரே மாதிரி இருக்கறதும் ஒண்ணுதானே? ஏன் ரெண்டு எண் கேக்கறீங்க?

ஒன்றல்ல. 100 மைக்ரோலிட்டர் வைத்து பத்து முறை விட்டால் பத்தும் 97 என்று வரலாம். அந்தப் பிப்பெட் நிலையாக இருக்கிறது, ஆனால் தவறாக இருக்கிறது. 94, 106, 99, 102 என்று சிதறிச் சராசரி மட்டும் 100 வந்தால் அது சரியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் எந்த ஒரு துளியையும் நம்ப முடியாது. முதல் வகை முறையான பிழை, இரண்டாவது தற்செயல் பிழை. முதலாவதைச் சராசரியும், இரண்டாவதைத் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற கணக்கு) காட்டும்.

இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரூவால் சரிசெய்யக்கூடியது முறையான பிழையை மட்டும்தான். சிதறலை எந்தத் திருகலும் போக்காது.

எவ்வளவு பிழை வரைக்கும் பரவாயில்லை?

பெரும்பாலான ஆய்வகங்கள் பிப்பெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 8655 என்ற சர்வதேசத் தரத்தை எடுத்துக்கொள்கின்றன. 2002இல் வந்தது, 2022இல் திருத்தப்பட்டது. ஒரே டிப் மாட்டும் ஒற்றைச் சேனல் பிப்பெட்டுக்கு அது சொல்லும் வரம்புகளில் சில: 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டுக்கு முறையான பிழை ±8, தற்செயல் பிழை 3 மைக்ரோலிட்டர். 200க்கு ±1.6, 0.6. 100க்கு ±0.8, 0.3. 20க்கு ±0.2, 0.1. 10க்கு ±0.12, 0.08. உற்பத்தியாளர் கையேட்டில் இதைவிட இறுக்கமான எண்கள் இருக்கும், அவை அவர்களுடைய டிப்போடு சேர்த்து அளந்தவை.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: இந்த மைக்ரோலிட்டர் வரம்பு பிப்பெட்டின் முழு வீச்சுக்கும் அப்படியே பொருந்தும். 1000 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை 100இல் வைத்தாலும் ±8 வரை போகலாம், அதாவது 8 சதவீதம். தரத்தின்படி 'பாஸ்', உங்கள் சோதனைக்கு அது ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. உங்கள் வேலைக்கு எவ்வளவு பிழை தாங்கும் என்று யோசித்து ஆய்வகமே ஒரு வரம்பு வைப்பது நல்லது. 100 எடுக்க 100 பிப்பெட்டையே எடுப்பது அதைவிட நல்லது.

அளக்க என்னென்ன வேணும்?

தராசு, வாயு நீக்கிய அல்லது குறைந்தபட்சம் புதிதாகக் காய்ச்சி வடித்த நீர், ஒரு நல்ல வெப்பமானி, உயரமும் குறுகலுமான சிறு பாத்திரம், வழக்கமாக அந்தப் பிப்பெட்டில் மாட்டும் டிப்புகள். தராசுதான் முக்கியம். 200 முதல் 1000 மைக்ரோலிட்டர் வரை 0.1 மில்லிகிராம் காட்டும் தராசு போதும். 20 முதல் 200 வரை 0.01 மில்லிகிராம் வேண்டும். 20க்குக் கீழே 0.001 மில்லிகிராம் காட்டும் மைக்ரோ தராசு. 10 மைக்ரோலிட்டர் நீர் ஏறக்குறைய 10 மில்லிகிராம், அதை 0.1 காட்டும் தராசில் போட்டால் ஒரு படியே 1 சதவீதம். அனுமதிக்கப்பட்ட பிழையே 1.2 சதவீதம்தான். அந்த அளவால் எந்தப் பயனும் இல்லை.

நீர், பிப்பெட், டிப், தராசு எல்லாம் ஒரே அறையில் குறைந்தது 2 மணி நேரம் சேர்ந்து இருக்கட்டும். அளக்கத் தொடங்கும் முன் தெரிந்த ஒரு எடைக்கல்லை வைத்துத் தராசையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தராசின் தவறுக்குப் பிப்பெட் தண்டனை அனுபவித்த கதைகள் நிறைய உண்டு.

பிப்பெட் அழுக்கா இருக்கு. கழுவி, கிரீஸ் போட்டுட்டு அளக்கலாமா?

முதல் அளவுக்கு முன் வேண்டாம். வெளியே கிருமிநீக்கம் செய்து துடைப்பது பாதுகாப்புக்குத் தேவை, அதைச் செய்யுங்கள். உள்ளே திறப்பது, சீலைக் கழற்றுவது, கிரீஸ் பூசுவது எல்லாம் பிப்பெட்டின் நிலையை மாற்றிவிடும். நமக்குத் தெரிய வேண்டியது நேற்று வரை மேசையில் எப்படி இருந்தது என்பது. வந்தபடியே அளந்து எழுதிவிட்டு, பிறகு சுத்தம் செய்து மறுபடி அளங்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்தால் கோளாறு அழுக்கிலா, அளவிலா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

கசியுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

அதிகபட்ச அளவை வைத்து, டிப்பை இரண்டு மூன்று முறை நனைத்து, நீரை இழுத்துப் பிப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு 20 வினாடி பாருங்கள். டிப் முனையில் துளி தொங்கினால் கசிகிறது. சிறிய பிப்பெட்டில் துளி கண்ணுக்குத் தெரியாது. அங்கே நீரை இழுத்த பிறகு டிப் முனையை நீரிலேயே வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் மட்டம் இறங்குகிறதா என்று பாருங்கள்.

கசிந்தால் முதலில் வேறு டிப். பிறகு டிப் மாட்டும் முனையில் கீறலோ விரிசலோ இருக்கிறதா, முனை கழன்று ஆடுகிறதா என்று பார்ப்பது. பிறகுதான் சீல், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம். அடர்த்தியான அமிலம் கையாளும் மேசையிலிருந்து வந்த பிப்பெட் என்றால் பிஸ்டன் அரித்திருக்கலாம், ஆவி உள்ளே ஏறியிருக்கும். கசியும் பிப்பெட்டையும் பத்து முறை எடை போட்டு எழுதிவிடுங்கள், ஆனால் திருக வேண்டாம். கசிவுக்கு ஈடாகத் திருகினால், சீல் மாற்றிய அன்று பிப்பெட் அதிகமாக விடத் தொடங்கும்.

சரி, எடை போடறதைப் படிப்படியா சொல்லுங்க.

முதலில் நீரின் வெப்பநிலையைக் குறியுங்கள். பாத்திரத்தில் கொஞ்சம் நீர் விட்டுத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். புது டிப் மாட்டி, வைத்த அளவை ஐந்து முறை இழுத்து விடுங்கள். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்றில் ஈரம் நிலைப்படும். இதைச் செய்யாவிட்டால் முதல் ஓரிரு அளவுகள் குறைவாக வரும்.

பிறகு பொத்தானை முதல் தடை (விரலுக்கு எதிர்ப்பு முதலில் தட்டுப்படும் இடம்; இன்னும் அழுத்தினால் மீதியை வெளியேற்றும் இரண்டாம் தடை) வரை அழுத்தி, டிப்பை நீரில் விட்டு, கட்டைவிரலை மெதுவாக விடுங்கள். 100 மைக்ரோலிட்டர் வரை 2 முதல் 3 மில்லிமீட்டர், 1000 வரை 2 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம் போதும். அதற்கு மேல் முக்கினால் டிப்பின் வெளிப்புறத்தில் ஒட்டிய நீரும் கூடவே வரும். ஒரு வினாடி காத்திருந்து செங்குத்தாக வெளியே எடுங்கள். விடும்போது பாத்திரச் சுவரில் டிப்பைச் சாய்த்துத் தொட்டு, முதல் தடை, பிறகு இரண்டாம் தடை, சுவரோடு இழுத்தபடி மேலே. எடை நிலைத்ததும் குறியுங்கள். மறுபடி பூஜ்யம். இப்படிப் பத்து முறை, ஒரே தாளத்தில். அதிகபட்ச அளவிலும் அதில் பாதியிலும் பத்தில் ஒன்றிலும் இதையே செய்ய வேண்டும்.

கடைசியில் மறுபடி நீரின் வெப்பநிலை. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைய அளவை நான் ஒதுக்கிவிடுவேன்.

1 மில்லிலிட்டர் தண்ணி 1 கிராம்தானே? மில்லிகிராமை அப்படியே மைக்ரோலிட்டர்னு எழுதினா என்ன?

நல்ல பிப்பெட் ஃபெயில் ஆகும், அவ்வளவுதான். 20 டிகிரி செல்சியஸில் நீரின் அடர்த்தி ஒரு மில்லிலிட்டருக்கு 0.9982 கிராம், 25 டிகிரியில் 0.9970. அதோடு தராசின் மேல் இருக்கும் நீரைக் காற்று கொஞ்சம் மேலே தூக்குகிறது, அதனாலும் எடை குறைவாகக் காட்டும். இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள், இசட் காரணி என்று பெயர். கடல்மட்டக் காற்றழுத்தத்தில் 20 டிகிரிக்கு 1.0029, 22க்கு 1.0033, 25க்கு 1.0040, 30க்கு 1.0054. மில்லிகிராமை இதால் பெருக்கினால் மைக்ரோலிட்டர்.

ஒரு கணக்கு போடுவோம். 100 மைக்ரோலிட்டர் பிப்பெட், நீர் 22 டிகிரி. பத்து எடைகள் மில்லிகிராமில்: 99.12, 99.25, 99.05, 99.18, 99.30, 99.10, 99.22, 99.08, 99.15, 99.25. சராசரி 99.17. அப்படியே எடுத்துக்கொண்டால் பிழை −0.83 சதவீதம். வரம்பு 0.8, ஆகவே ஃபெயில், திருகு! இப்போது 1.0033ஆல் பெருக்குங்கள்: 99.50 மைக்ரோலிட்டர், பிழை −0.50. பாஸ். திட்ட விலக்கம் 0.08 மைக்ரோலிட்டர், வரம்பு 0.3, அதுவும் பாஸ். பெருக்கல் ஒன்றை விட்டதால் நல்ல பிப்பெட்டைக் கெடுத்திருப்போம்.

பத்து தடவை கட்டாயமா? நாலு போதாதா?

எதற்காக அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மாதாமாதம் 'இன்னும் ஒழுங்காக இருக்கிறதா' என்று பார்க்க நாலு முறை போதும். சராசரி எங்கே இருக்கிறது என்று அது ஓரளவு சொல்லிவிடும். சிதறலை நாலு எண்ணிலிருந்து நம்பிச் சொல்ல முடியாது. திருகப் போகிறீர்கள், அல்லது பழைய முடிவுகளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லப் போகிறீர்கள் என்றால் பத்து.

பத்தில் ஒரு எண் மட்டும் ஒட்டாமல் நிற்கும்போது அதை அடித்துவிட்டு ஒன்பதோடு நிறுத்த ஆசை வரும். துளி வெளியே விழுந்தது, கை தட்டியது என்று காரணம் அப்போதே குறித்திருந்தால் அடிக்கலாம். பிறகு கண்டுபிடித்த காரணம் செல்லாது.

ஃபெயில்னு வந்துடுச்சு. இப்பவாவது திருகலாமா?

இன்னும் இல்லை. எண்கள் எந்த மாதிரி கெட்டிருக்கின்றன என்று பாருங்கள். சிதறல் பெரிதாக இருந்தால், சராசரி எங்கே இருந்தாலும் அது திருகும் விஷயம் இல்லை. டிப் பொருத்தம், கசிவு, காய்ந்த கிரீஸால் தடுமாறும் பிஸ்டன், அல்லது அளப்பவர் கை. சிதறல் சிறிது, சராசரி மட்டும் விலகியிருக்கிறது என்றால்தான் ஸ்க்ரூவைப் பற்றிப் பேசலாம்.

அப்போதும் மூன்று அளவுகளின் பிழையையும் சேர்த்துப் பாருங்கள். 1000இல் −4, 500இல் −4, 100இல் −4 மைக்ரோலிட்டர் என்று எங்கும் ஒரே அளவு குறைந்தால், பிஸ்டன் தொடங்கும் இடம் நகர்ந்திருக்கிறது. யாராவது முன்பு திருகியிருக்கலாம், கீழே விழுந்திருக்கலாம். இதைத்தான் ஸ்க்ரூ சரிசெய்யும். மூன்றிலும் ஒரே சதவீதம் குறைந்தால், உதாரணமாக எல்லாம் −0.4 சதவீதம் என்றால், பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள். 25 டிகிரி அறையில் இசட் காரணியை மறந்தால் வருவது சரியாக அந்த 0.4தான். அது இல்லாவிட்டால் தராசு.

சிறு அளவில் மட்டும் அதிகமாக வந்தால் எனக்கு முதல் சந்தேகம் கட்டைவிரல் மேல். இழுக்கும்போது முதல் தடையைக் கொஞ்சம் தாண்டி அழுத்துகிறவர்கள் நிறைய.

1000ல பாஸ் ஆகுது, 100ல ஃபெயில் ஆகுது. ஒரே பிப்பெட்தானே?

மேலே சொன்ன −4 உதாரணத்தைச் சதவீதமாக மாற்றிப் பாருங்கள்: 1000இல் −0.4, 500இல் −0.8, 100இல் −4 சதவீதம். கோளாறு ஒன்றேதான், சிறிய அளவில் பெரிதாகத் தெரிகிறது. ஆய்வகம் சதவீதத்தில் வரம்பு வைத்திருந்தால் இப்படித்தான் பாதி பாஸ், பாதி ஃபெயில் என்று வரும். அதிகபட்ச அளவில் மட்டும் அளந்து 'நன்றாக இருக்கிறது' என்று எழுதுவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

நான் அளந்தா குறையுது, அவங்க அளந்தா சரியா வருது. யாரை நம்பறது?

இருவரையும் எழுதுங்கள். இருவருக்கும் சிதறல் சிறிதாக இருந்து சராசரி மட்டும் மாறினால் பழக்க வித்தியாசம்: எவ்வளவு ஆழம் முக்குகிறார், எந்தக் கோணத்தில் பிடிக்கிறார், எவ்வளவு வேகமாக விரலை விடுகிறார். சாய்த்துப் பிடித்தால் நீர்க்கம்பத்தின் உயரம் குறைந்து அளவு கொஞ்சம் கூடும். நீண்ட நேரம் கையில் வைத்திருந்தால் உள்ளங்கைச் சூடு உள்ளே இருக்கும் காற்றை விரிக்கும், அளவுகள் மெல்ல ஒரே பக்கம் நகரும். பத்து எண்களையும் எடுத்த வரிசையிலேயே பாருங்கள், அந்த நகர்வு கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம், ஒருவருடைய கைக்கு ஏற்றபடி பிப்பெட்டைத் திருகக் கூடாது. அடுத்தவர் கைக்குப் போனதும் அது தவறிவிடும். கையைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எந்த டிப் போட்டு அளக்கறது?

தினமும் எந்த டிப்பில் வேலை செய்கிறீர்களோ அதே டிப். பிப்பெட்டும் டிப்பும் சேர்ந்துதான் அளக்கின்றன. வேறு டிப்பில் ஃபெயில் ஆகி, உற்பத்தியாளர் சொல்லும் டிப்பில் பாஸ் ஆனால் மாற்ற வேண்டியது டிப்பை. நான் ஒரே டிப்பில் பத்து, பிறகு ஒவ்வொன்றுக்கும் புது டிப் போட்டு நாலைந்து எடுப்பேன். இரண்டாவதில் சிதறல் திடீரென்று கூடினால் பிப்பெட்டை விட்டுவிட்டு டிப் பெட்டியைச் சந்தேகிப்பேன்.

2 மைக்ரோலிட்டர் பிப்பெட்டை எடை போட்டா எண் ஆடிக்கிட்டே இருக்கு. என்ன பண்றது?

ஆவியாவதுதான். ஒரு சுற்றில் 0.03 மில்லிகிராம் போய்விட்டால், 100 மைக்ரோலிட்டரில் அது தெரியவே தெரியாது. 10இல் 0.3 சதவீதம். 2இல் 1.5 சதவீதம், அங்கே வரம்பே ±4 சதவீதம். பாத்திரத்துக்குக் குறுகிய வாய், மூடி, தராசு அறைக்குள் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்க ஒரு சிறு கிண்ணத்தில் நீர், இவை உதவும். பிறகு எதையும் விடாமல், விடுவது போலவே அதே நேரம் எடுத்துக்கொண்டு சுற்றை நாலு முறை நடத்துங்கள். ஒரு சுற்றில் சராசரியாக எவ்வளவு குறைகிறதோ அதை ஒவ்வொரு எடையோடும் கூட்டிக்கொள்ளலாம். காய்ந்த காற்றில் பிளாஸ்டிக் பாத்திரத்தில் தேங்கும் நிலைமின்சாரமும் எண்ணை ஆட்டும்.

மைக்ரோ தராசு இல்லையென்றால் சாயமுறை. செறிவு தெரிந்த சாயக் கரைசலைப் பிப்பெட்டால் எடுத்து, அளவு தெரிந்த பெரிய அளவு நீரில் விட்டு, நிறமாலை ஒளிமானியில் உறிஞ்சளவை (சாயம் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதை) பார்த்து, எவ்வளவு விழுந்தது என்று கணக்கிடுவது. இங்கே ஆவியாதல் பெரிய தொல்லை இல்லை. ஆனால் ஒப்பிட வைத்திருக்கும் நீர்த்தலை நம்பகமான குடுவையில், எடை போட்டுத் தயாரிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய பிப்பெட்டை வைத்தே அதையும் தயாரித்தவரை நான் பார்த்திருக்கிறேன். முடிவு பிரமாதமாக வந்தது!

எட்டு சேனல் பிப்பெட்டுக்கு ஒரு சேனல் பார்த்தா போதுமா?

போதாது. ஒவ்வொரு சேனலுக்கும் தனிச் சீல், தனிப் பிஸ்டன். எட்டிலும் டிப் மாட்டி, எல்லாவற்றிலும் நீர் இழுத்து, ஒன்றை மட்டும் தராசில் விட வேண்டும். ஐஎஸ்ஓ வரம்பு ஒற்றைச் சேனலுக்குள்ளதைப் போல இரண்டு மடங்கு. ஒரு சேனல் மட்டும் விலகினால் திருகுவதில் பயனில்லை, ஸ்க்ரூ எட்டையும் சேர்த்து நகர்த்தும்.

நாங்க கிளிசரால், ஆல்கஹால்தான் எடுக்கறோம். அதை வச்சே அளந்து திருகிடலாமா?

வரம்புகள் எல்லாம் நீருக்கு. பிப்பெட்டை நீரில்தான் தீர்மானிக்க வேண்டும். உங்கள் திரவத்தில் எவ்வளவு விழுகிறது என்று தெரிந்துகொள்ள அதன் அடர்த்தியால் எடையை வகுத்துப் பாருங்கள், பயனுள்ள தகவல்தான், ஆனால் அது உங்கள் முறையைப் பற்றியது. கிளிசரால் போலப் பிசுபிசுப்பானவற்றுக்கு இரண்டாம் தடை வரை அழுத்தி இழுத்து, முதல் தடை வரை மட்டும் விடும் தலைகீழ் முறை. எளிதில் ஆவியாகிறவை டிப்பிலிருந்து தானாகவே சொட்டும், அவற்றுக்குப் பிஸ்டன் திரவத்தையே தொடும் நேரடி இடப்பெயர்ச்சிப் பிப்பெட் வாங்குவது மேல்.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்ததை உடனே எடுத்தால் அளவு கூடுதலாகவும், சூடானதை எடுத்தால் குறைவாகவும் விழும். மலைப்பகுதி போலக் காற்றழுத்தம் குறைந்த இடத்தில் பிப்பெட் கொஞ்சம் குறைவாகவே விடும். கடல்மட்டத்தில் சரிபார்த்து வந்த சான்றிதழை அங்கே அப்படியே நம்ப வேண்டாம், அந்த இடத்திலேயே அளங்கள்.

வந்த நிலையிலேயே ஃபெயில்னா இதுவரைக்கும் எடுத்த ரிசல்ட் எல்லாம் குப்பையா?

அப்படி இல்லை. கடைசியாக எப்போது பாஸ் ஆனதோ அதற்குப் பிறகு அந்தப் பிப்பெட் தொட்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அது என்ன வேலை செய்தது என்று பாருங்கள். மாதிரியையும் ஒப்பீட்டுக் கரைசலையும் அதே பிப்பெட்டால், அதே அளவில் எடுத்திருந்தால் முறையான பிழை இரண்டு பக்கமும் பெரும்பாலும் அடிபட்டுப் போயிருக்கும். கழுவும் கரைசல் ஊற்றியிருந்தால் யாருக்கும் கவலை இல்லை.

கவலைப்பட வேண்டியது தொடர் நீர்த்தல், அதாவது நீர்த்ததிலிருந்தே எடுத்து மறுபடி மறுபடி நீர்ப்பது. 100ஐ 900இல் விடும் இடத்தில் பிப்பெட் 98 மட்டும் விட்டது என்று வையுங்கள். ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ 1.8 சதவீதம் குறையும். ஆறு படி போனால் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். இரண்டு சதவீதப் பிப்பெட் பிழை என்று அலட்சியமாக விட்டது இங்கே இப்படி வந்து நிற்கும். இந்தக் கணக்கைப் போட வந்த நிலை அளவு கையில் இருக்க வேண்டும். இரண்டாவது கேள்வியில் சொன்னது இதற்குத்தான்.

எவ்வளவு நாளுக்கு ஒரு தடவை அளக்கணும்?

முழு அளவு ஆண்டுக்கு ஒருமுறையாவது. தினமும் ஓடும் பிப்பெட், அமிலத்தோடு பழகும் பிப்பெட், நோயாளியின் முடிவு தீர்மானிக்கும் பிப்பெட் எல்லாம் அதைவிடச் சீக்கிரம். நடுவில் நாலு முறை பார்க்கும் சிறு சோதனை. கீழே விழுந்தால் அன்றைக்கே. ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமிநீக்கும் கருவியில்) போட்டிருந்தால் நன்றாக ஆறிக் காய்ந்த பிறகு, கழன்றிருக்கும் பாகங்களை இறுக்கிவிட்டு.

எல்லாம் பார்த்தாச்சு, திருகித்தான் ஆகணும். எப்படி?

கசிவு இல்லை, டிப் சரி, சுத்தம் செய்தாயிற்று, மறுபடி அளந்தும் அதே இடத்தில் விலகி நிற்கிறது, சிதறல் சிறிது. இப்போது திருகலாம். எந்தப் பக்கம், ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்பது மாதிரிக்கு மாதிரி மாறும், கையேட்டைத் திறந்து வையுங்கள். எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். சிறிது திருகி, நாலு முறை எடை போட்டு, மறுபடி சிறிது. சரியாகப் பூஜ்யத்தில் கொண்டுவந்து நிறுத்தப் பிடிவாதம் பிடிக்க வேண்டாம், அளவின் சிதறலைவிடச் சிறிய பிழையைத் துரத்துவதில் பொழுதுதான் போகும். வரம்புக்குள் நன்றாக வந்ததும் மூன்று அளவிலும் பத்துப் பத்து முறை அளந்து 'விட்ட நிலை' (வேலை முடித்துத் திருப்பிக் கொடுக்கும் நிலை) என்று எழுதுங்கள். 1000ஐச் சரிசெய்யும்போது 100 விலகியிருக்கலாம்.

இரண்டு மூன்று முறை திருகியும் சில வாரங்களில் பழைய இடத்துக்கே போனால் ஸ்க்ரூவை மறந்துவிடுங்கள். உள்ளே ஏதோ தேய்கிறது.

வெளியில அனுப்பி, சான்றிதழோட வந்திருக்கு. மறுபடியும் நாம அளக்கணுமா?

நாலு முறை மட்டும், உங்கள் டிப்பில், உங்கள் கையால். சான்றிதழ் சொல்வது அவர்கள் அறையில், அவர்கள் டிப்பில் அன்றைக்கு இருந்த நிலை. வரும் வழியில் பெட்டி எங்கே விழுந்தது என்று அதில் எழுதியிருக்காது. சான்றிதழில் வந்த நிலை, விட்ட நிலை என்று இரண்டு அட்டவணைகளும் அளவீட்டு நிச்சயமின்மையும் (அவர்கள் அளவே எவ்வளவு விலகியிருக்கலாம் என்ற எண்) இருக்கின்றனவா என்று பாருங்கள். பல இடங்களில் வந்த நிலை அளவைத் தனியாகக் கேட்டால்தான் எடுப்பார்கள், கேட்காவிட்டால் நேரே சுத்தம் செய்து திருகி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அனுப்பும்போதே சீட்டில் எழுதிவிடுங்கள். அதற்கும் முன்னால், பெட்டியில் வைப்பதற்கு முந்தைய நாள், நீங்களே ஒரு பத்து முறை எடை போட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.